ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்பதை வைத்து நாட்டை எடைபோடலாமா?

கேள்வி இது: “1947இல் ஒரு டாலரும் ஒரு ரூபாயும் சமமாக இருந்தன. இப்போது டாலர் 85 ரூபாயைத் தாண்டிவிட்டது. அப்படியிருக்க இந்தியா உலகின் நாலாவது பெரிய பொருளாதாரம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? இரண்டில் ஒன்று பொய்தானே? இன்னொன்று, இரண்டு வருடத்தில் மகளை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்ப வேண்டும். டாலரை இப்போதே வாங்கி வைத்துவிடலாமா?”

முதலில் அந்த 1947 கணக்கைச் சரிசெய்துவிடுவோம், ஏனென்றால் அது வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. ஒரு ரூபாய் ஒரு டாலராக இருந்ததே இல்லை. அந்தக் காலத்தில் ரூபாய் கட்டப்பட்டிருந்தது டாலரோடு இல்லை, பிரிட்டிஷ் பவுண்டோடு. 1927இலிருந்து ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ் என்பதால், பவுண்டு 13 ரூபாய் 33 பைசா ஆகிறது. 1947இல் ஒரு பவுண்டு 4.03 டாலர். வகுத்துப் பாருங்கள், டாலர் சுமார் 3 ரூபாய் 30 பைசா. 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 2.80 டாலராகக் குறைத்தது. ரூபாயும் கூடவே இறங்கியது, டாலர் 4.76 ரூபாயானது.

இனி உங்கள் கேள்வியின் வேருக்கு வருகிறேன். பல வருடம் பொருளியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரு நாணயத்தின் மாற்று விகிதத்தை அந்த நாட்டுக்குப் போட்ட மார்க் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு ஜப்பானிய யென் நம் ஒரு ரூபாய்க்கும் குறைவு. ஒரு டாலர் வாங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட தென்கொரிய வோன் தேவை. ஆனால் ஜப்பானும் தென்கொரியாவும் நம்மைவிடப் பலமடங்கு வசதியான நாடுகள். ஒரு நாணயத்தின் அலகை எவ்வளவு சிறியதாக வைத்துக்கொள்வது என்பது வரலாற்றில் எப்படியோ அமைந்துவிட்ட விஷயம். ஒரே துணியை மீட்டரில் அளந்தால் 5, சென்டிமீட்டரில் அளந்தால் 500. துணி வளரவில்லை.

ஆகவே 85 என்ற எண் தனியாக எதையும் சொல்லாது. அது எவ்வளவு காலத்தில், என்ன வேகத்தில், எதனால் மாறியது என்பதில்தான் செய்தி இருக்கிறது.

நாட்டின் அளவைச் சொல்வது மொத்த உள்நாட்டு உற்பத்தி, அதாவது ஜிடிபி. ஒரு வருடத்தில் நாட்டின் எல்லைக்குள் உருவான பொருட்கள், சேவைகள் எல்லாவற்றின் இறுதி மதிப்பு. இறுதி என்ற சொல் முக்கியம். பருத்தி, நூல், துணி, சட்டை என்று நாலு தடவை கூட்டிவிடக் கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாகச் சேர்ந்த மதிப்பை மட்டும் கூட்ட வேண்டும். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் அங்கே உண்டாக்கும் மதிப்பு அந்த நாட்டு ஜிடிபியில் சேரும், நம்முடையதில் சேராது.

இதிலும் இரண்டு கணக்கு உண்டு. அந்தந்த வருட விலையில் கூட்டுவது ஒன்று. அடிப்படை ஆண்டு ஒன்றின் விலையை மாறாமல் வைத்துக் கூட்டுவது இன்னொன்று. 2011-12ஐ அடிப்படையாகக் கொண்ட தொடரில், 2025 மே மாதம் வந்த மதிப்பீட்டின்படி, 2024-25இன் ஜிடிபி அந்த வருட விலையில் 330.68 லட்சம் கோடி ரூபாய். 2011-12 விலையில் 187.97 லட்சம் கோடி. முதல் கணக்கில் வளர்ச்சி 9.8 சதவீதம், இரண்டாவதில் 6.5. நடுவில் இருக்கும் மூன்று சதவீதத்துச் சொச்சம் விலை ஏறியதால் வந்தது. நாட்டில் உற்பத்தி எவ்வளவு கூடியது என்று அறிய 6.5ஐத்தான் பார்க்க வேண்டும். மேடைப் பேச்சில் எந்த எண் வசதியோ அதை எடுத்துவிடுகிறார்கள், அதனால் எந்தக் கணக்கு என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

உலக நாடுகளை வரிசைப்படுத்தும்போது அந்தந்த வருட விலையிலான ஜிடிபியை டாலருக்கு மாற்றுவார்கள். உங்கள் குழப்பம் பிறப்பது இங்கேதான். 330.68 லட்சம் கோடியை 84.5ஆல் வகுத்தால் சுமார் 3.9 டிரில்லியன் டாலர் (ஒரு டிரில்லியன் என்பது ஒரு லட்சம் கோடி). அதே தொகையை 90ஆல் வகுத்தால் சுமார் 3.7 டிரில்லியன். இரண்டுக்கும் நடுவில் ஒரு தறி நிற்கவில்லை, ஒரு வயல் காயவில்லை. வகுக்கும் எண் மட்டும் மாறியது.

இதை ஜப்பானைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. 2012இல் அந்நாட்டின் ஜிடிபி சுமார் 500 லட்சம் கோடி யென். அந்த வருடம் ஒரு டாலர் சராசரியாக 80 யென் என்பதால், டாலர் கணக்கில் ஆறே கால் டிரில்லியன். 2023இல் ஜிடிபி சுமார் 590 லட்சம் கோடி யென்னாகக் கூடியது. ஆனால் டாலர் 140 யென்னாகிவிட்டது. விளைவு, டாலர் கணக்கில் 4.2 டிரில்லியன். சொந்தப் பணத்தில் வளர்ந்த நாடு, டாலர் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது! அந்த வருடம்தான் ஜெர்மனி அதை முந்தியது. ஜெர்மனி அந்த வருடம் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை, உற்பத்தி சற்றுச் சுருங்கவே செய்தது.

நாலாவது இடம் என்ற பேச்சுக்கும் இப்போது விடை கிடைத்துவிடும். 2025 ஏப்ரலில் பன்னாட்டு நாணய நிதியம் (ஐஎம்எஃப்) வெளியிட்ட கணிப்பில், அந்த வருடத்துக்கு இந்தியா 4.187 டிரில்லியன், ஜப்பான் 4.186 டிரில்லியன். வித்தியாசம் ஒரு பில்லியன், அதாவது நூறு கோடி டாலருக்கும் குறைவு. ரூபாய் இரண்டு பைசா சரிந்தால் அது போய்விடும். இதை நான் இந்தியாவின் வளர்ச்சியைக் குறைத்துச் சொல்வதற்காக எழுதவில்லை. முப்பது வருட வளர்ச்சி உண்மை, பெரியது. ஆனால் இந்த வருடம் எத்தனையாவது இடம் என்பது யென்னும் ரூபாயும் அந்தந்த மாதம் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. தவிர, அந்தத் தொகையை 140 கோடிப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு 3,000 டாலருக்கும் குறைவு. ஜப்பானில் 30,000 டாலருக்கு மேல். ஒரு குடும்பத்தின் வாழ்க்கைக்கு அருகில் வரும் எண் இதுதான். ஒரு நாட்டின் நலனை அதன் வருமானக் கணக்கிலிருந்து அப்படியே ஊகிக்க முடியாது என்று, இந்தக் கணக்குமுறைக்கு அடித்தளம் போட்ட சைமன் குஸ்னெட்ஸே 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் எச்சரித்தார்.

வாங்கும் சக்திக் கணக்கு என்று இன்னொன்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் முடிவெட்டிக்கொள்ள ஆகும் டாலரை ரூபாயாக மாற்றினால், மதுரையில் குடும்பமே வருடம் முழுவதும் முடிவெட்டிக்கொள்ளலாம். கத்திரிக்கோலை வேண்டுமானால் கப்பலில் ஏற்றலாம், முடிதிருத்துபவரின் வேலையை ஏற்ற முடியாது. அதனால் சேவைகளின் விலை நாட்டுக்கு நாடு சமமாவதில்லை, ஏழை நாடுகளில் அவை மலிவாகவே இருக்கும். இதைச் சரிசெய்ய, ஒரு டாலருக்கு அமெரிக்காவில் கிடைப்பதை இந்தியாவில் வாங்க எவ்வளவு ஆகும் என்று உலக வங்கியின் ஒருங்கிணைப்பில் கூடை கூடையாக விலை சேகரித்துக் கணக்கிடுகிறார்கள். சுமார் 20 ரூபாய் வருகிறது. அந்த விகிதத்தில் மாற்றினால் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து இந்தியா மூன்றாவது. உள்ளூர் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட இது சரியான அளவுகோல். ஆனால் கச்சா எண்ணெய் விற்பவரிடம் போய் 20 ரூபாய்க்கு டாலர் கணக்குப் பார்க்க முடியாது. அங்கே சந்தை விகிதம்தான்.

சரி, அந்தச் சந்தை விகிதம் ஏன் இப்படி இறங்கிக்கொண்டே வருகிறது?

பாதிக்கு மேற்பட்ட விடை பணவீக்கத்தில் இருக்கிறது. இங்கே விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதமும் அமெரிக்காவில் 2 சதவீதமும் ஏறினால், விகிதம் அப்படியே நின்றால் நம் பொருள் வெளிநாட்டில் வருடா வருடம் 4 சதவீதம் விலை கூடிக்கொண்டே போகும். திருப்பூர் பனியனை வாங்குபவர் வங்கதேசத்துக்கோ வியட்நாமுக்கோ போய்விடுவார். ரூபாய் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது அந்த வித்தியாசத்தை ஈடுகட்டுகிறது. 1993 மார்ச்சில் ரூபாயின் விகிதத்தைச் சந்தையிடம் விட்டபோது டாலர் 31.37 ரூபாய். முப்பது வருடம் கழித்து 2023 மார்ச்சில் 82 சொச்சம். வருடத்துக்குச் சராசரியாக 3 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதல். அந்தக் காலம் முழுவதும் நம் விலைவாசிக்கும் அமெரிக்க விலைவாசிக்கும் இருந்த இடைவெளி இதைவிடச் சற்று அதிகம். அதாவது விலைவாசியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் டாலருக்கு எதிராக ரூபாய் பெரிதாக விழவே இல்லை. ரிசர்வ் வங்கி 40 நாடுகளின் நாணயங்களோடு ஒப்பிட்டு, விலைவாசி வித்தியாசத்தையும் சேர்த்து ஒரு குறியீட்டு எண்ணை மாதாமாதம் வெளியிடுகிறது. ரூபாயின் உடல்நிலையை அறிய விரும்புபவர் டாலர் விகிதத்தைவிட அதைத்தான் பார்க்க வேண்டும்.

பணவீக்கம் பற்றி ஒரு சிறு விளக்கம், ஏனென்றால் இதிலும் தவறு சாதாரணம். பணவீக்கம் 6இலிருந்து 2க்கு இறங்கியது என்றால் விலைகள் இறங்கியதாகப் பொருள் இல்லை. ஏறும் வேகம்தான் குறைந்தது. இலங்கையில் 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. சரியாக ஒரு வருடத்தில் மொத்தப் பணவீக்கம் 1.3 சதவீதத்துக்கு வந்துவிட்டது. புள்ளிவிவரம் உண்மைதான். ஆனால் ஒரு வருடம் முன் கிட்டத்தட்ட இரட்டிப்பான சாப்பாட்டுச் செலவு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அங்குள்ள குடும்பங்கள் “எங்கே குறைந்தது?” என்று கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம்.

இலங்கையின் பெயரை எடுத்துவிட்டதால் அதையே முழுதாகச் சொல்கிறேன். மாற்று விகிதம் மெல்ல இறங்குவதைவிட, இறங்க விடாமல் பிடித்து வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு நம் பக்கத்து வீட்டிலேயே நடந்த பாடம் அது. 2019 முடிவில் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் 7.6 பில்லியன் டாலர். அந்த வருடக் கடைசியில் வரிகளைப் பெருமளவில் குறைத்தார்கள். அடுத்து கொரோனா வந்து சுற்றுலா நின்றது. கடன் தவணைகள் மட்டும் நிற்கவில்லை. மத்திய வங்கி டாலரை சுமார் 203 இலங்கை ரூபாயில் பிடித்து வைத்தது. கறுப்புச் சந்தையிலோ அதற்கு மேல் கிடைத்தது. அப்போது வெளிநாட்டில் உழைக்கும் மனிதர் என்ன செய்வார்? வங்கி வழியாக அனுப்பினால் 203, உண்டியல் வழியாக, அதாவது வங்கிக்கு வெளியே தரகர் மூலம் அனுப்பினால் கூடுதல். வீட்டில் பிள்ளைகளுக்கு நாலு காசு அதிகம் போகட்டும் என்று உண்டியலைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2020இல் வங்கிகள் வழியாக 7.1 பில்லியன் டாலராக வந்த உழைப்பாளர் பணம் 2021இல் 5.5 பில்லியனுக்கும், 2022இல் 3.8 பில்லியனுக்கும் இறங்கியது. விகிதத்தைக் காப்பாற்றப் போய், டாலர் வரும் வாசலையே அடைத்துவிட்டார்கள்.

2022 மார்ச் தொடக்கத்தில் பிடியைத் தளர்த்தினார்கள். அடக்கி வைத்தது மொத்தமாக வெடித்தது. இரண்டே மாதத்தில் டாலர் 360 ரூபாயைத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலருக்கும் குறைவு என்று மே மாதம் நிதி அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். எரிவாயு சிலிண்டருக்கும் பெட்ரோலுக்கும் நாள்கணக்கில் வரிசை. அந்த வரிசைகளிலேயே உயிரை விட்டவர்களும் உண்டு. இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது, ஏனென்றால் பாடப்புத்தகத்தின் முதல் சில அத்தியாயங்களில் இருக்கும் விஷயம் இது. வரும் டாலரைவிடப் போகும் டாலர் அதிகமாக இருந்தால் விகிதம் இறங்க வேண்டும், அல்லது கையிருப்பு கரைய வேண்டும். மூன்றாவது வழி கடன் வாங்குவது, அதுவும் பின்னால் டாலராகத்தான் திருப்பிக் கேட்கும்.

வரும் டாலர், போகும் டாலர் என்றேனே, அந்தக் கணக்குக்குத்தான் நடப்புக் கணக்கு என்று பெயர். ஏற்றுமதி, இறக்குமதி, மென்பொருள் போன்ற சேவைகள், வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பப் பணம், வட்டி, லாபம் எல்லாம் அதில் அடங்கும். இந்தியா பொருள் வணிகத்தில் பல வருடங்களாகவே பெரிய பற்றாக்குறையில்தான் இருக்கிறது. தேவைப்படும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது, தங்கம் வேறு. அந்தப் பள்ளத்தைப் பெருமளவு நிரப்புவது மென்பொருள் நிறுவனங்களும், வெளிநாட்டில் வேலை செய்யும் நம் மக்களும்தான். குடும்பப் பணத்தைப் பெறுவதில் உலகிலேயே முதலிடம் இந்தியாவுக்கு. மிச்சமிருக்கும் இடைவெளியை வெளிநாட்டு முதலீடு அடைக்கிறது. அந்த முதலீடு பயந்து வெளியேறும் மாதங்களில் ரூபாய் ஆடுகிறது. 2013இல் அமெரிக்க மத்திய வங்கி தன் பண வரத்தைக் குறைக்கப்போவதாகச் சொன்ன ஒரு பேச்சுக்கே ஆகஸ்ட் இறுதியில் ரூபாய் 68ஐத் தாண்டியது.

நாமும் ஒருமுறை விளிம்பு வரை போனவர்கள்தான். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்ததும் எண்ணெய் விலை ஏறியது, வளைகுடாவிலிருந்து வரும் பணம் சுருங்கியது, வெளிநாடுவாழ் இந்தியர்கள் இங்கே போட்டிருந்த வைப்புத்தொகையை எடுக்கத் தொடங்கினார்கள். 1991இல் ஒரு கட்டத்தில் இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் கையிருப்பு. மே மாதம் ஸ்டேட் வங்கி வழியாக 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்துக்குப் போனது. ஜூலையில் ரிசர்வ் வங்கி கிட்டத்தட்ட 47 டன்னை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடு வைத்து சுமார் 40 கோடி டாலர் வாங்கியது. அதே ஜூலை 1ஆம் தேதியும் 3ஆம் தேதியும் இரண்டு படியாக ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். 21 ரூபாயாக இருந்த டாலர் 26க்கு அருகில் போனது. குடும்ப நகையை அடகு வைத்ததுபோல நாடே கூனிக் குறுகிய நாட்கள் அவை. ஆனால் வைத்ததை மீட்டோம். 2024 செப்டம்பரில் கையிருப்பு 700 பில்லியன் டாலரைத் தாண்டியது. 21 ரூபாயாக டாலர் இருந்த இந்தியா திவாலின் விளிம்பில் நின்றது, 84 ரூபாயாக இருந்தபோது பத்து மாதத்துக்கும் மேற்பட்ட இறக்குமதிக்குக் கையில் பணம் வைத்திருந்தது. உங்கள் முதல் கேள்விக்கு இந்த ஒரு ஒப்பீடு போதும் என்று நினைக்கிறேன்.

அதற்காக ரூபாய் இறங்குவது யாருக்கும் வலிக்காது என்று சொல்லவில்லை. பெட்ரோல், சமையல் எண்ணெய், உரம், மருந்துக்கான மூலப்பொருள் எல்லாம் ஏறும். உலகச் சந்தையில் தங்கம் அசையாமல் இருந்தாலும் ரூபாய் சரிந்தால் சவரன் விலை ஏறிவிடும். ஏற்றுமதியாளருக்கு லாபம் என்பார்கள், அதுவும் பாதிதான் உண்மை. சாயமும் இயந்திரமும் இறக்குமதி செய்பவர் ஒரு கையில் பெற்றதை மறு கையால் கொடுக்கிறார். டாலரில் கடன் வாங்கிய நிறுவனங்கள் நேரடியாக அடிவாங்கும். வேகம்தான் இதில் வித்தியாசம் செய்கிறது. வருடத்துக்கு மூன்று சதவீதம் என்றால் எல்லாரும் திட்டமிட்டுக்கொள்ள முடியும். இலங்கையில் நடந்ததுபோல் இரண்டு மாதத்தில் டாலர் எழுபது சதவீதத்துக்கும் மேல் ஏறினால் எந்தக் குடும்பமும் திட்டமிட முடியாது.

இப்போது உங்கள் மகளின் படிப்பு. இந்தியாவில் வசிப்பவர் டாலரை நோட்டாக வாங்கிக் குவித்து வைக்க விதிகள் இடம் தருவதில்லை. பயன்படுத்தாத அந்நியப் பணத்தைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் திருப்பிவிட வேண்டும், சிறு தொகைக்கு மட்டும் விலக்கு. கல்விக்கும் மற்றவற்றுக்குமாக ஒருவர் வருடத்துக்கு 2,50,000 டாலர் வரை வங்கி வழியாக வெளியே அனுப்பலாம், உங்களுக்கு அது தாராளம். அடுத்த மாதம் டாலர் எங்கே போகும் என்று சொல்ல எவராலும் முடியாது, சொல்பவரிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். கணக்குப் போடும்போது இரண்டை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: டாலர் வருடத்துக்கு மூன்று நாலு சதவீதம் ஏறும் என்பதும், கல்லூரிக் கட்டணம் டாலரிலேயே வருடா வருடம் கொஞ்சம் ஏறும் என்பதும். இன்றைய விகிதத்தில் 50 லட்சம் ஆகும் படிப்புக்கு இரண்டு வருடம் கழித்து 57, 58 லட்சம் என்று வைத்துக்கொண்டால் பெரிய அதிர்ச்சி இருக்காது. கட்டணம் தவணையாகத்தான் கட்டப்போகிறீர்கள் என்றால், பணத்தையும் அந்தந்தத் தவணைக்கு மாற்றுங்கள். ஒரே நாளில் முழுத்தொகையையும் மாற்றினால் அந்த ஒரு நாளின் விகிதத்துக்கு எல்லாவற்றையும் கட்டிவிட்டதாக ஆகும். அப்புறம், வங்கி சொல்லும் விகிதத்தை அன்றைய சந்தை விகிதத்தோடு ஒப்பிட்டு, எத்தனை பைசா கூடுதலாக எடுக்கிறார்கள் என்று இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். 60,000 டாலர் மாற்றுபவருக்கு ஒரு ரூபாய் வித்தியாசம் 60,000 ரூபாய்.